பழைய வரிசை வீடு: ஜூ சியட்டா, தேக்காவா? வாங்கும் முன் நாங்கள் போட்ட கணக்கு

சிங்கப்பூரில் ஒரே சனிக்கிழமையில் இரண்டு பழைய வீடுகளைப் பார்த்தோம். காலையில் ஜூ சியட் பக்கத்தில் ஒரு வரிசை வீடு. மாலையில் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், கீழே கடையும் மேலே மாடியுமாக ஒரு கடைவீடு. இரண்டும் ஈரடுக்கு. இரண்டும் ஏறக்குறைய 17 அடி அகலம். இரண்டின் முகப்பிலும் மரச் சன்னல்கள், சுண்ணாம்புப் பூவேலை, முன்னால் தூண் வைத்த நடைபாதை. இரண்டுமே இடிக்கக் கூடாது என்று அரசாங்கம் பட்டியலிட்டவை. ஜூ சியட் வீட்டுக்கு 4.1 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார்கள், தேக்கா கடைவீட்டுக்கு 5.5 மில்லியன். இத்தனைக்கும் தேக்கா கட்டடம்தான் சற்றுச் சிறியது. அதன் பின்கட்டில் கூரையும் ஒழுகியது.

இந்த 1.4 மில்லியன் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை. தேக்கா என்றால் சும்மாவா, நடுநகரம் அல்லவா என்று தம்பி சொன்னான். அது பாதி பதில்தான். மூன்று மாதம் விசாரித்து, வழக்கறிஞரிடமும் வங்கியிலும் உட்கார்ந்து பேசிய பிறகுதான் மீதிப் பாதி தெரிந்தது. ஒரு பழைய வீட்டின் விலையை அதன் அழகைவிட, வயதைவிட, அந்த நிலத்துக்கு அரசாங்கத்தின் நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்தில் என்ன பயன்பாடு குறித்திருக்கிறார்கள் என்பதுதான் அதிகம் முடிவு செய்கிறது. இதைத் தெரியாமல் பூ ஓடுகளைப் பார்த்து மயங்கி விலை பேசிவிடக் கூடாது என்பதால் எங்கள் கணக்கை முழுவதும் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். நானும் தம்பியும் குடும்பத்தோடு ஒரே வீட்டில், 79 வயது அம்மாவை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். நான் என் கொண்டோவை, அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டை, போன ஆண்டு விற்றுவிட்டு வாடகையில் இருக்கிறேன். தம்பிக்கு செங்காங்கில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, விற்கும் முன் கட்டாயம் இருக்க வேண்டிய ஐந்தாண்டுக் குடியிருப்புக் காலத்தை எப்போதோ தாண்டிவிட்டது. எல்லோரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். கடன் ஒரு மில்லியனைத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

இந்த வீடுகளுக்கு ஏன் இத்தனை மவுசு?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மனசு இழுக்கப்படுகிறது.

கடைவீடு என்பது அடிப்படையில் எளிய ஒரு கட்டுமானம். இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு பகிரும் பொதுச் சுவர். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மரச்சட்டங்கள். அந்தச் சட்டத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளம்தான் வீட்டின் அகலம், அதனால்தான் எல்லாமே ஒல்லியாக இருக்கின்றன. அகலம் குறைந்ததை ஆழத்தில் ஈடு செய்தார்கள். ஆழமான வீட்டின் நடுவில் இருட்டும் புழுக்கமும் சேருமே, அதற்காக நடுவில் கூரையைத் திறந்து ஒரு முற்றம் விட்டார்கள். தஞ்சாவூர், செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை உள்ளே விழும், சூடான காற்று மேலே போகும், வீடு மூச்சு விடும்.

முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதை, பழைய ஆட்கள் பேச்சில் அஞ்சடி, 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வருவது. வெயிலுக்கும் மழைக்கும் மக்கள் ஒதுங்கி நடக்க, வீட்டு வரிசை முழுக்கத் தொடர்ச்சியாக ஒரு கூரையிட்ட பாதை இருக்க வேண்டும் என்று அப்போதே விதித்தார்கள். இன்றைக்கும் அந்த இடம் உங்கள் பத்திரத்தில் இருக்கலாம், ஆனால் அதை மறித்து அடைக்க முடியாது. உங்கள் வீட்டுத் திண்ணையில் ஊரே நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பார்த்த ஜூ சியட் வீடு 1920களைச் சேர்ந்தது. வல்லுநர்கள் பிந்திய பாணி என்று சொல்லும் வகை. மேல்மாடியில் மூன்று சன்னல், இடையில் கொரிந்தியத் தூண்கள், சன்னலுக்குக் கீழே பூப்போட்ட பளபளப்பு ஓடுகள். அந்தக் காலத்தில் இந்த ஓடுகள் ஐரோப்பாவிலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தன. வாசலில் இரட்டைக் கதவுக்கு முன்னால் இடுப்பளவுக்கு ஒரு குட்டி மரக்கதவு, பிந்து பகார். பெரிய கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்கலாம், தெருவில் போகிறவர் கண்ணும் உள்ளே வராது. இதையெல்லாம் இன்று செய்து வாங்க வேண்டும் என்றால் ஆள் தேட வேண்டும். செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

எண்ணிக்கையும் ஒரு காரணம். 1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், படகுத் துறை, எமரால்டு ஹில் உள்ளிட்ட முதல் பத்துப் பகுதிகளை அதிகாரபூர்வமாகப் பாதுகாப்பில் கொண்டுவந்தார்கள். இன்று 7,200-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி கடைவீடுகள். இனி எவ்வளவு பணம் கொடுத்தாலும் போருக்கு முந்திய வீடு ஒன்றைப் புதிதாகக் கட்ட முடியாது. அதிலும் முழுக்கக் குடியிருப்புக்கு என்று குறித்தவை சிறுபான்மைதான்.

தேக்கா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு இந்தக் கட்டடங்கள் வெறும் கட்டடக்கலை இல்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்ததும் இதே மாதிரிக் கடைவீடுகளில்தான். கீழே பெட்டியடி, அங்கேயே கணக்கு, அங்கேயே படுக்கை. அவை 1970களில் இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பது தேக்கா பக்கம்தான் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதனால் கடைவீடு வாங்கினால் தேக்காவில்தான் வாங்க வேண்டும் என்று முதலில் ஒற்றைக் காலில் நின்றவனும் நான்தான்.

அம்மாவின் பதில் வேறு. 1960களில் அப்பாவும் அம்மாவும் ரோவல் ரோடு பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் பலகை அடித்துத் தடுத்த அறையில் குடியிருந்தார்கள். ஒரே மாடியில் ஐந்து குடும்பம், ஒரே அடுப்படி, பின்சந்தில் வாளிக் கக்கூஸ். "அந்த இருட்டுப் படிக்கட்டுக்கா இவ்வளவு காசு கொடுக்கப் போறீங்க?" என்றார் அம்மா. இந்த வீடுகள் ஏன் அந்த நிலைக்குப் போயின என்பதற்கும் காரணம் உண்டு. 1947-லிருந்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. வாடகையை உயர்த்த முடியாத வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை, அறைமேல் அறையாகத் தடுத்து ஆள் சேர்ந்துகொண்டே போனது. அந்தச் சட்டம் 2001-இல்தான் முழுமையாக நீங்கியது. இன்று நாம் பார்க்கும் அழகான வர்ணம் எல்லாம் அதற்கு முன்பும் பின்புமாக நடந்த சீரமைப்பின் பலன். ஒரு வீட்டை எப்போது, யார், எப்படிச் சீரமைத்தார்கள் என்று கேட்பது அதனால் மிக முக்கியம்.

உங்களோடு போட்டி போடுவது யார்?

சரி, அந்த 1.4 மில்லியனுக்கு வருவோம்.

ஜூ சியட் வீடு பெருந்திட்டத்தில் குடியிருப்பு. அது தரைவீடு என்பதால் வெளிநாட்டவர் நினைத்தவுடன் வாங்க முடியாது, அனுமதி வேண்டும். நிரந்தரவாசிக்கும் அப்படித்தான். அனுமதி கிடைத்தாலும், எல்லோரும் கட்டும் முத்திரை வரிக்கு மேல் வெளிநாட்டவருக்கு 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி, நிறுவனத்துக்கு 65 விழுக்காடு. 2023 ஏப்ரலிலிருந்து இதுதான் நிலை. ஆக அந்த வீட்டுக்குப் போட்டி போடக்கூடியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற உள்ளூர்க் குடும்பங்கள்தான்.

தேக்கா கடைவீடு வணிகம். அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கூடுதல் முத்திரை வரி ஒரு காசு கிடையாது. எத்தனையாவது சொத்து என்றும் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்குப் போட்ட கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக ஏற ஏற, பணக்கார முதலீட்டாளர்களும் முதலீட்டு நிதிகளும் கடைவீடு பக்கம் திரும்பினார்கள். 2023 ஆகஸ்ட்டில் 3 பில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துகள் சிக்கிய பணமோசடி வழக்குக்குப் பிறகு விசாரணை கெடுபிடியாகி வாங்குவோர் வேகம் குறைந்தது. ஆனால் நாங்கள் பேசிய விற்பனையாளர் யாரும் கேட்ட விலையிலிருந்து அதிகம் இறங்கவில்லை. வாடகை வந்துகொண்டிருக்கிறது, அவர்களுக்கு என்ன அவசரம்?

இதுதான் விடை. தேக்கா விலையில் உலகம் முழுவதும் உள்ள பணத்தின் போட்டி இருக்கிறது. குடியிருக்கப் போகும் ஒரு குடும்பம் அந்தப் போட்டிக்கான விலையைக் கொடுக்கிறது, ஆனால் அதன் பயன் எதுவும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது உறைத்த நாளில்தான் தேக்கா ஆசை முதல் தடவையாக ஆட்டம் கண்டது.

வரியும் கடனும்

முத்திரை வரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குடியிருப்பு வீட்டுக்கு 3 மில்லியனுக்கு மேல் 6 விழுக்காடு என்பதால் 4.1 மில்லியனுக்கு 185,600 வெள்ளி வருகிறது. வணிகக் கட்டடத்துக்கு 1.5 மில்லியனுக்கு மேல் எல்லாமே 5 விழுக்காடுதான், 5.5 மில்லியனுக்கு 244,600 வெள்ளி. ஆனால் தேக்காவில் இன்னொன்று காத்திருந்தது. விற்பவர் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்தவர். 9 விழுக்காடு என்றால் 495,000 வெள்ளி. விளம்பரத்தில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. முகவர் மூன்றாவது சந்திப்பு வரை வாய் திறக்கவில்லை. தொழில் நடத்துகிறவர், தானும் அந்த வரிக்குப் பதிவு செய்திருந்தால், கணக்கில் திரும்பப் பெற முடியும். குடியிருக்கப் போகிறவருக்கு அது போனது போனதுதான்.

மத்திய சேம நிதியிலும் இதே கதை. வணிகக் கட்டடத்துக்கு மசேநி சேமிப்பைத் தொட முடியாது. எங்கள் இருவருடைய சாதாரணக் கணக்குகளிலும் சேர்த்து இருப்பது சிறிய தொகை இல்லை. அது முழுக்க ஜூ சியட் பக்கம்தான் பயன்படும்.

கடனில் வங்கி எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்கிறேன். எனக்கு வயது 53. முழு அளவு கடன் வேண்டும் என்றால் 65 வயதுக்குள் அடைக்கும்படி இருக்க வேண்டும், ஆக 12 ஆண்டு என்று வைத்துப் பார்த்தோம். இன்றைய வட்டி குறைவாக இருந்தாலும் தகுதியைக் கணக்கிட வீட்டுக்கு 4 விழுக்காடு, வணிகக் கட்டடத்துக்கு 5 விழுக்காடு என்று வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒரு மில்லியன் கடனுக்கு 12 ஆண்டில் மாதத் தவணை முதலாவதில் சுமார் 8,750 வெள்ளி, இரண்டாவதில் சுமார் 9,250. எல்லாக் கடன்களும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆக வேறு கடனே இல்லாதவருக்கும் மாத வருமானம் கிட்டத்தட்ட 16,000 வெள்ளி, கடைவீடு என்றால் 17,000-ஐ நெருங்க வேண்டும். கார்க் கடன் இருந்தால் இன்னும் ஏறும். விலையைப் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

எங்களுக்குப் பெரிய அடியாக வந்தது வேறு. அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கும்போது, இருவரில் யாருக்குக் கூடுதல் முத்திரை வரி அதிகமோ அந்த விகிதம்தான் முழு விலைக்கும். தம்பி பெயரில் வீவக வீடு இருக்கும் வரை ஜூ சியட் வீடு அவனுக்கு இரண்டாவது சொத்து. 20 விழுக்காடு. 4.1 மில்லியனுக்கு 820,000 வெள்ளி! கணவன் மனைவி என்றால் புது வீட்டை வாங்கி ஆறு மாதத்துக்குள் பழையதை விற்று வரியைத் திரும்பப் பெறும் வழி உண்டு. அண்ணன் தம்பிக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் தம்பி வீட்டை முதலில் விற்றே ஆக வேண்டும். விற்ற பிறகு மனம் மாறி வீவக வீட்டுக்கே திரும்பலாம் என்றால், தனியார் வீடு ஒன்றை வாங்கிவிட்டவர் அதை விற்ற பிறகு மறுவிற்பனை வீட்டுக்கு 15 மாதம் காத்திருக்க வேண்டும். இந்த வழியில் போனால் திரும்பி வருவது எளிதல்ல என்று தம்பி மனைவிக்குத் தெளிவாகச் சொல்லி, அவள் சரி என்ற பிறகுதான் மேலே நகர்ந்தோம்.

என்ன மாற்றலாம், என்ன மாற்றக் கூடாது

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளைப் பலர் இடைஞ்சல் என்று நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வரிசையில் ஒருவர் முகப்பை உடைத்துக் கண்ணாடி வைத்துவிட்டால் எல்லோருடைய வீட்டின் மதிப்பும் விழும். விதி எல்லோரையும் கட்டுவதால்தான் வரிசை வரிசையாக நிற்கிறது. இருப்பதை முடிந்தவரை வைத்துக்கொள், பக்குவமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார் என்பதுதான் அவர்களுடைய அடிப்படை. பொதுச் சுவர், மரத் தளம், முற்றம், மரச் சன்னல், சுட்ட மண் கூரை ஓடு, முகப்பின் பூவேலை எல்லாம் காக்கப்பட வேண்டியவை.

ஆனால் எல்லாப் பகுதிக்கும் ஒரே விதி இல்லை. விலையை ஒப்பிடும்போது இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். லிட்டில் இந்தியா ஒரு வரலாற்று வட்டாரம், அங்கே முன்னும் பின்னுமாக முழுக் கட்டடத்தையும் காக்க வேண்டும். பிளேர் சாலை, கேர்ன்ஹில், எமரால்டு ஹில் போன்ற குடியிருப்பு வரலாற்று வட்டாரங்களில் பின்பக்கம் நீட்டிக் கட்டலாம், ஆனால் முதன்மைக் கூரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஜூ சியட், கேலாங், ஜாலான் புசார் போன்றவை இரண்டாம் நிலைக் குடியேற்றப் பகுதிகள் என்ற வகை. முன்பகுதியைக் காத்துக்கொண்டு, பின்பகுதியில் அந்த இடத்துக்கு அனுமதித்த உயரம் வரை புதிதாகக் கட்டலாம். எங்களைப் போல இரண்டு குடும்பம் என்றால் இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. பின்னால் புதிய கட்டில் அம்மாவுக்குக் கீழ்த்தளத்திலேயே குளியலறையோடு ஓர் அறை வைக்கலாம். தேக்காவில் கீழ்த்தளத்தில் கடைதான் இருக்கும். மாடிக்கு அனுமதித்த பயன்பாடும் அலுவலகம். குடியிருக்க வேண்டும் என்றால் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் அம்மா தினமும் அந்த நெட்டுக்குத்தான படியில் ஏற வேண்டும். கீழே வாடகைக்கு இருப்பது சாப்பாட்டுக் கடை, அதன் புகைக்குழாய் எங்கள் படுக்கையறை சன்னலை ஒட்டித்தான் மேலே போகிறது.

சீரமைப்புச் செலவுக்கு வருவோம். விலைப்பட்டியலில் தெரியாத விலை இதுதான். ஜூ சியட் வீட்டைக் கடைசியாக 1990களில் சீரமைத்திருக்கிறார்கள். அப்போது சுவருக்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அது காற்றில் உலர்ந்து போகும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். அதனால்தான் முழங்கால் உயரத்துக்கு வர்ணம் கொப்பளித்து உப்புப் பூத்துக் கிடந்தது. முகவர் புது வர்ணம் அடித்தால் சரியாகிவிடும் என்றார். சரியாகாது. பூச்சை உரித்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பில் திரும்பப் பூச வேண்டும். மாடித் தளத்தின் மரச்சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைக் கட்டாயம் பாருங்கள். கரையானும் ஈரமும் முதலில் கைவைப்பது அந்த முனைகளில்தான்.

இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் 540,000 வெள்ளி சொன்னார், மற்றவர் 690,000. குறைவாகச் சொன்னவரின் பட்டியலில் கூரை ஓடுகளைக் கழற்றி அடியில் உள்ள மரத்தைப் பார்ப்பது இல்லவே இல்லை. அதைச் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. நாங்கள் 650,000 என்று எடுத்துக்கொண்டோம். பூவேலை அதிகமுள்ள பிந்திய பாணி வீடு என்பதால் முகப்புக்கே நிறையப் போகும். 1930களிலிருந்து கட்டிய ஆர்ட் டெக்கோ வீடுகள் நேர்கோடுகளும் எளிய வடிவங்களுமாக இருப்பதால் முகப்பு வேலை குறைவு. அழகில் அவை குறைந்தவை என்று நான் நினைக்கவில்லை. பணம் இழுபறியாக இருப்பவர்கள் அந்த வகையைத் தேடிப் பாருங்கள்.

சதுர அடி என்னும் பொறி

எல்லோரும் கேட்கும் கேள்வி, சதுர அடி என்ன விலை? ஜூ சியட் வீட்டை 2,050 சதுர அடி என்றார்கள், ஆக 2,000 வெள்ளி. தேக்கா 1,900 சதுர அடி, சுமார் 2,900 வெள்ளி. ஆனால் அந்த 2,050-இல் முற்றத்தின் வெற்றிடம் இரண்டு தளத்துக்கும் சேர்ந்திருந்ததை நாங்களே அளந்த பிறகுதான் கண்டோம். கூரை இல்லாத இடத்துக்குச் சதுர அடிக் கணக்கில் விலை வைத்திருந்தார்கள். பேரம் பேசும்போது இதைக் காகிதத்தில் வரைந்தே காட்டினோம், வேலை செய்தது.

கொண்டோவுக்குப் பழகிய கணக்கை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து. கொண்டோவில் நீங்கள் வாங்குவது தரைப்பரப்பை. பழைய வரிசை வீட்டில் நிலம், அதன் உரிமைக் காலம், பின்னால் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு, இதுவரை நடந்த சீரமைப்பின் தரம் ஆகிய நான்கையும் தனித்தனியாக விலை பேச வேண்டும்.

மற்ற வாய்ப்புகள்

பிளேர் சாலைக்கு ஒரு தடவை போனோம். அமைதியான, மரம் சூழ்ந்த தெரு. விலை எங்கள் எல்லைக்கு வெகு தூரம், அதோடு விட்டோம்.

99 ஆண்டுக் குத்தகையில் உள்ள கடைவீடுகளும் சந்தையில் உண்டு. விலை குறைவாக இருக்கும், ஆனால் மிச்சக் காலம் குறையக் குறைய வங்கிக் கடன் சுருங்கும். குடியிருப்பு என்றாலும், வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை தாங்காவிட்டால் மசேநி பயன்பாடும் குறையும். வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நினைப்பவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்பர் தாம்சன் பக்கம் 1980களில் கட்டிய ஒரு சாதாரண வரிசை வீட்டை 3.7 மில்லியனுக்குப் பார்த்தோம். நிரந்தர உரிமை, அகலமான வாசல், கார் நிறுத்த இடம், 2,600 சதுர அடி. உண்மையைச் சொன்னால் வசதியில் இதற்கு ஈடு மற்ற எதுவும் இல்லை. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால், கார் இல்லாமல் முடியாது என்றால், மரச்சட்டத்தையும் சுண்ணாம்பையும் கவனித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை என்றால், யோசிக்காமல் இதை வாங்குங்கள். எங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், காரையும் விடப் போகிறோம். ஜூ சியட் வீட்டுக்கு வாசலில் கார் இடமே இல்லை, ஆனால் 2024 ஜூனில் திறந்த மரீன் பரேட் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகலாம்.

அம்மா சொன்னதும் கணக்கில் சேரும். ஜூ சியட் வீட்டுக்கு அவரைக் கடைசியில்தான் அழைத்துப்போனோம். பழைய வீடு என்றதுமே முகம் சுருங்கியது. உள்ளே வந்து முற்றத்தில் நின்றவர் அண்ணாந்து பார்த்தார். "இது எங்க மன்னார்குடி வீடு மாதிரி இருக்கே" என்றார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான், பக்கத்தில் கோயில் இருக்கிறதா? சிலோன் சாலையில் செண்பக விநாயகர் ஆலயம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கூடிக் கட்டி வளர்த்த கோயில். தேக்காதான் நம் இடம் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு இதைவிட நல்ல பதில் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஜூ சியட்டை ஒட்டிய காத்தோங் பக்கமும் நம் இடம்தான்.

ஆகவே எங்கள் முடிவு ஜூ சியட், ஆனால் கேட்ட விலைக்கு அல்ல. தேக்கா கடைவீடு வாடகை வருமானத்துக்கு வாங்குகிறவருக்கும், கீழே தானே தொழில் நடத்துகிறவருக்கும் நல்ல சொத்து. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குடியிருக்க வாங்குகிற குடும்பத்துக்கு அது தவறான விலையில் கிடைக்கும் தவறான கட்டடம்.

நாங்கள் முதலில் 3.6 மில்லியன் சொன்னோம். சுவர் ஈரத்தின் படங்கள், முற்றத்தின் அளவு, ஒப்பந்தக்காரரின் பட்டியல் மூன்றையும் இணைத்துக் கொடுத்தோம். விற்பவர் 3.85-க்கு இறங்கினார். இப்போது 3.75 மில்லியனில் நிற்கிறோம். முத்திரை வரி 164,600, சீரமைப்பு 650,000 சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 4.56 மில்லியன். அதற்கு மேல் ஒரு வெள்ளியும் போவதில்லை என்று தம்பியும் நானும் எழுதியே வைத்திருக்கிறோம்.

விலையைவிட இப்போது எங்களுக்குக் காலம் முக்கியம். வழக்கமாக 1 விழுக்காடு கொடுத்து வாங்கும் உரிமைப் பத்திரம் பெற்றால் இரண்டு வாரத்துக்குள் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் நாளில் தம்பியின் வீவக வீடு விற்கப்படாமல் இருந்தால் 20 விழுக்காடு வரி விழுந்துவிடும். அவனுடைய வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது, ஆனால் விற்பனை முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் இரண்டு வாரத்துக்குப் பதில் 14 வாரம் கேட்டிருக்கிறோம், அதற்கு ஈடாக முன்பணத்தைக் கூட்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறோம். கட்டமைப்புப் பொறியாளர் புதன்கிழமை வந்து மாடிச் சட்டங்களின் முனைகளைத் திறந்து பார்க்கிறார். விற்பவர் வியாழக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.